கண் முன்னால் எழுதிக் காட்டு

அது பூக்கூடை. கல்லூரியில் துறை விழா என்றால் மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வாங்கி வருவதற்கென்றே வைத்திருப்பது. அன்று காலை அதில் செல்போன்கள் கிடந்தன.

எங்கள் தமிழ்த்துறையின் உதவியாளர் அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார். உள்ளே போகிற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனை அணைத்துக் கூடையில் போட்டார்கள்.

"அணச்சிட்டியாப்பு? உள்ளருந்து பாட்டுக் கீட்டு வந்துச்சு, நேரா கெணத்துலதான் போடுவேன்" என்று அக்கா ஒவ்வொருவரையும் மிரட்டினார். கல்லூரியில் கிணறே கிடையாது.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேடசந்தூரிலிருந்து வருகிற முத்துக்குமார் ஒரு பட்டன் போனைப் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே நழுவினான். இந்தக் காலத்தில் கல்லூரிப் பையன் பட்டன் போன் வைத்திருக்கிறானாம்.

"ஏலே, இது உங்கம்மா போனு. ஒன் போனு எங்க?" என்றேன்.

அசடு வழிந்துகொண்டே பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டான். கூடை நிரம்பியது. மல்லிகையின் பழைய வாசம் இன்னும் அதில் இருந்தது. நாளெல்லாம் அந்தப் போன்கள் மணத்துக்கொண்டிருக்கும் என்று அக்கா சொன்னார்.

இளங்கலைத் தமிழ், கடைசிப் பருவம். 'எழுத்துப் பயிற்சி' என்று ஒரு தாள். அதற்குத் தேர்வு அறை என்று ஒன்று இருந்ததே இல்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து கட்டுரைகள் எழுதி வருவார்கள், நான் படித்து மதிப்பெண் போடுவேன். அந்த வருடம்தான் முதல் முறையாக, அந்தத் தாளின் கடைசி வகுப்பில் இரண்டு மணி நேரம் எங்கள் கண் முன்னால் உட்கார்ந்து பேனாவால் எழுதிக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. விதி வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பாலசமுத்திரத்தில் கடல்

கொஞ்ச காலமாகவே எனக்கு வருகிற கட்டுரைகளில் ஏதோ சரியில்லை. தப்பு இருந்தால் சரியில்லை என்று சொல்லலாம். இவற்றில் தப்பே இல்லை. ஒற்றுப்பிழை போடாமல் ஒரு வரி எழுதத் தெரியாத பிள்ளை, திடீரென்று 'ஒட்டுமொத்தமாக நோக்குங்கால்' என்று முடிக்கிறது.

ஒரு பையன் தன் ஊரான பாலசமுத்திரத்தைப் பற்றி எழுதி வந்தான். பழனிக்குப் பக்கத்தில் தென்னையும் நெல்லுமாக இருக்கிற ஊர். கட்டுரையில் விடியற்காலையில் மீனவர்கள் படகு தள்ளினார்கள். அலைகள் பாறையில் மோதின. ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, போனில் கேட்டால் கட்டுரை எழுதித் தருகிற ஏ.ஐ. இயந்திரம் கடலைக் கொண்டுவந்துவிட்டது. இவன் படித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

"தம்பி, உங்க ஊர்ல கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"இல்லைங்க மேடம்" என்றான் மெதுவாக.

அதே வாரம் கன்னிவாடிப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'எங்கள் ஊரில் மலை இருக்கிறது. மலையிலிருந்து குரங்கு வரும். தக்காளியைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டுப் போகும். வேண்டாமென்றால் ஏன் கடிக்கிறது?' இதை எந்த இயந்திரமும் எழுதாது என்று நிம்மதியாக மதிப்பெண் போட்டேன்.

பிறகு அந்த நிம்மதியும் போயிற்று. 'கொஞ்சம் தப்போடு எழுது' என்று சொன்னால் இயந்திரம் தப்போடும் எழுதுமாம். அதைச் சொன்னது என் வீட்டுக்காரர். நான் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

செக்கிங் இன்ஸ்பெக்டர் மகள்

சந்தேகம் எனக்குப் பரம்பரைச் சொத்து. அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். வேடசந்தூர் ரோட்டில் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு பஸ்ஸை மறிப்பார். ஏறியதும் யாரிடமும் டிக்கெட் கேட்க மாட்டார். ஒரு நிமிடம் சும்மா நிற்பார்.

"நம்ம ஏறுன பெறகு எவன் தூங்க ஆரம்பிக்கிறானோ, அவன்ட்ட டிக்கெட் இருக்காது" என்பார்.

வீட்டிலும் அதே உத்தியோகம்தான். கடைக்குப் போய்விட்டு வந்தேன் என்றால், "அப்பறம் ஏன் செருப்புல புழுதியக் காணம்?" என்பார். அம்மா ஒருநாள் வெறுத்துப்போய், "இந்த மனுசன் சாமி கும்புடும்போதும் ஒத்தக் கண்ணத் தொறந்துதான் வச்சிருப்பாரு" என்றாள். அது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்றால் நானும் கண்ணை மூடவில்லை என்றுதானே அர்த்தம்.

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஆசிரியர் அறைக் கதைகளை எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகி 'உங்களுக்கு மனிதர்களையே பிடிக்காதா?' என்று கேட்டிருந்தார். பிடிக்கும். பிடித்தவர்களைத்தான் அதிகம் சந்தேகப்படுவேன்.

ஜன்னலோரம்

அப்படி எனக்குப் பிடித்த பெண் ரிஸ்வானா. திண்டுக்கல் டவுன்தான். அத்தா என்று அவள் கூப்பிடுகிற அப்பா தோல் வியாபாரம் செய்தவர். அவளுடைய அக்கா, வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தோல் பர்ஸ் தைக்கிறவள்.

பாடத்துக்கு எழுதுவது போக, வாராவாரம் ஏதாவது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு என் மேஜைக்கு வருவாள். "சும்மா எழுதுனேன் மேடம், செத்த நேரம் இருந்தாப் படிங்க" என்பாள். மதிப்பெண் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் படிப்பதை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சிரித்தால் "எந்த எடம் மேடம்?" என்று எட்டிப் பார்ப்பாள்.

ஒரு தடவை தன் அத்தாவோடு பஸ்ஸில் போவதைப் பற்றி எழுதியிருந்தாள். தோல் மண்டியிலிருந்து நேராக வருகிற அத்தா ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். 'அதனால் சின்ன வயதில் எனக்கு எப்போதும் ஜன்னலோர சீட் கிடைத்தது. எங்கள் அத்தாவுக்குப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்' என்று முடித்திருந்தாள்.

படித்துவிட்டு மறுபடியும் ஒருமுறை படித்தேன். உடனே எனக்கு வந்த அடுத்த நினைப்பு: இருபது வயதுப் பெண் இப்படி எழுதுமா?

அன்று மாலை அந்த வரிகளைப் போனில் அடித்து, 'இது நீ எழுதியதா?' என்று இயந்திரத்திடமே கேட்டேன். களவு போன வீட்டுக்காரி திருடனிடமே போய் விசாரித்த கதை. அது மரியாதையாக, 'இருக்கலாம்' என்றது.

இம்பார்ட்டண்ட்

எங்கள் துறைத்தலைவர் சண்முகவேல் சார் ஒட்டன்சத்திரம் பக்கம். கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாதவர். கடைசி வகுப்பில் கண் முன்னால் எழுத வைப்பது என்பது அவர் யோசனை. துறைக் கூட்டத்தில் நான் கைதூக்கி ஆதரிப்பேன் என்று எதிர்பார்த்தார். நான் தூக்கவில்லை.

"ஏனுங்க மேடம், மிஷின் எழுதுது, மிஷின் எழுதுதுன்னு தெனமும் பொலம்புனது நீங்கதானுங்க. இப்ப நம்ம முன்னாடி எழுதட்டும்னா கம்முனு இருக்கறீங்க?"

"நம்ம முன்னாடி எழுதுனா யாரு கைன்னு தெரியும் சார். யாரு மண்டைன்னு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் தெரிஞ்சுரும்ங்க."

விதி இதுதான்: வீட்டிலிருந்து எழுதி வந்ததற்கும் கடைசி வகுப்பில் எழுதியதற்கும் ஒட்டு உறவே இல்லையென்றால், வீட்டுக் கட்டுரை மதிப்பெண் ரத்து. ரத்தானால் தாள் போயிற்று, அரியர்.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அறிவிப்புச் சொல்ல வகுப்புக்குப் போன சாரைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "சார், இம்பார்ட்டண்ட் சொல்லுங்க சார்!"

நம் ஊரில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரீட்சைக்கு முன்னால் முக்கியமான கேள்விகளைக் கோடு போட்டுக் கொடுக்காத வாத்தியாரைக் கல்நெஞ்சக்காரர் என்பார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டே வளர்ந்த பிள்ளைகள், கொடுத்தே பழகிய வாத்தியார்கள். சார் மனம் இளகி ஐந்து தலைப்பு சொல்லிவிட்டு வந்துவிட்டார். இதில் ஒன்றுதான் வரும் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தெருவில் கொடுத்தாயிற்று. "எதுக்கு சார் சொன்னீங்க?" என்றதற்கு, "பாவமுங்க, சின்னப் பசங்க" என்றார். அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் எனக்கு இதனால்தான் பயம்.

தேவதாரு

கரும்பலகையில் சார் எழுதிய தலைப்பு 'மழை நின்ற பிறகு'. எங்கள் பக்கத்தில் மழை நிற்க வேண்டுமென்றால் முதலில் வர வேண்டும். ஆனால் தலைப்பைப் பார்த்ததும் பாதி வகுப்பு முகம் மலர்ந்தது.

முத்துக்குமார் குனிந்தவன் நிமிரவில்லை. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, யோசித்துக் கூரையைப் பார்ப்பது இல்லை. பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேனாக்கள் அதே வேகத்தில் ஓடின.

ரிஸ்வானா எழுதினாள், அடித்தாள். மறுபடி எழுதினாள், அடித்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேச்சு இல்லைங்க!" என்று சார் மேஜையைத் தட்டினார். வாயை மூடிக்கொண்டாள். நான் வகுப்பின் பின்னால் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை திரும்பி, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். நேரம் முடிந்தபோது அவள் தாளில் பத்து வரிகூடத் தேறவில்லை.

தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். முத்துக்குமார் தாளில் மழை நின்றதும் தேவதாரு மரங்கள் இலை சிலிர்த்தன. வேடசந்தூரில் இமயமலைத் தேவதாரு! அடுத்த தாளிலும் தேவதாரு. அதற்கடுத்ததிலும். ஐந்து தலைப்புக்கும் ஐந்து கட்டுரையை யாரோ ஒருவன் இயந்திரத்திடம் வாங்கி, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்துப் பரப்பியிருக்கிறான். எல்லோரும் அட்சரம் பிசகாமல் நெட்டுருப் போட்டு வந்திருக்கிறார்கள்.

சாரிடம் காட்டினேன். அவர் அசரவில்லை.

"மனப்பாடம் பண்ணுறது தப்புங்களா மேடம்? பப்ளிக் பரீட்சையிலயே அப்படித்தானுங்க எழுதுறாங்க. போன் இல்ல, பிட்டு இல்ல. நம்ம கண்ணு முன்னாடி எழுதியிருக்கான்." பிறகு ரிஸ்வானா தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "மாட்டுனது இந்தப் புள்ளதானுங்க. வீட்டுல இருந்து அப்படி எழுதுது. இங்க வந்தா ஒண்ணுமில்ல. ரத்துப் பண்ணிருவோம்."

ரிஸ்வானாவுக்கு மதுரையில் எம்.ஏ. இடம் கிடைத்திருந்தது. அரியர் விழுந்தால் அந்த இடம் போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"முத்துக்குமாரு, ரிஸ்வானா ரெண்டு பேரையும் கூப்புட்டு விசாரிப்போம் சார். அப்பறம் ரத்துப் பண்ணலாம்" என்றேன்.

மூன்றாவது பத்தி

முதலில் முத்துக்குமார் வந்தான். மனப்பாடத்தைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். நாங்களும் படித்தவர்கள்தானே. நடுவில் நிறுத்தினால் நட்டாற்றில் விட்ட மாதிரி ஆகிவிடும், முதலில் இருந்துதான் வர வேண்டும்.

"ஒன் கட்டுரைய மூணாவது பத்தியிலருந்து சொல்லு தம்பி."

கண்ணை மூடினான். உதடு அசைந்தது. முதல் வரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று தெரிந்தது. நடுவில் "தேவதாருன்னா என்ன மரம்?" என்று கேட்டேன். நின்றுவிட்டான். திரும்பவும் உதடு முதல் வரிக்குப் போயிற்று. சண்முகவேல் சார் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முத்துக்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம், போனக் குடுத்துட்டேன். பக்கத்துல பாக்கல. எங்கம்மா மில்லுக்குப் போன பெறகு ஒக்காந்து அம்புட்டையும் படிச்சேன். அஞ்சு கட்டுரை மேடம்! அது ஒழப்பு இல்லையா? நீங்க என்ன கேட்டீங்களோ அதத்தான செஞ்சேன்?"

நாங்கள் கேட்டது அதைத்தான். அவனை அனுப்பிவிட்டு ரிஸ்வானாவைக் கூப்பிட்டோம்.

வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "எழுதி வந்ததெல்லாம் நீதானாம்மா எழுதுன?" என்று சார் கேட்டார்.

"நான்தான் சார். எனக்குச் சொல்லிப் பாக்காம எழுத வராது. அக்கா பர்ஸ் தச்சிட்டு இருக்கும். பக்கத்துல ஒக்காந்து சொல்லுவேன். மிஷின நிறுத்திட்டுக் கேட்டாங்கன்னா அந்த எடம் நல்லாருக்குன்னு அர்த்தம். தச்சிக்கிட்டே கேட்டாங்கன்னா அத விட்ருவேன். அப்பறம்தான் எழுதுவேன். அங்க பேசக் கூடாதுன்னுட்டீங்க."

கேட்கக் கேட்க எனக்குள் இரண்டு பேர் பேசினார்கள். இதை யாரும் கற்பனையாகச் சொல்ல முடியாது என்றாள் ஒருத்தி. நன்றாக எழுதுகிறவள் நன்றாகக் கற்பனையும் செய்வாள் என்றாள் இன்னொருத்தி.

"சரிம்மா. இப்பப் புதுசா ஒரு தலைப்புக் குடுக்கறேன். சொல்லிப் பாத்துட்டே எழுது" என்றார் சார்.

அவள் சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எழுதிக் காட்டுனா நம்புவீங்களா மேடம்?"

உடனே 'நம்புவேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "எழுதும்மா, நம்புவாங்க" என்று சார்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் தலையாட்டினேன்.

தலைப்பு 'தாமதம்'. உதவியாளர் அக்கா ஓரமாக உட்கார்ந்து தாள்களை ஸ்டேப்ளரால் பின் அடித்துக்கொண்டிருந்தார். ரிஸ்வானா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, எங்க வீட்டுக் கடிகாரத்துல பத்து நிமிசம் கூட வச்சிருப்பாங்க, லேட்டாகாம இருக்க. எல்லாத்துக்கும் அது தெரியும். அதனால எல்லாரும் பத்து நிமிசம் கழிச்சுத்தான் கெளம்புவோம். அத்தா கோவத்துல இன்னும் பத்து நிமிசம் கூட்டி வச்சாரு…"

"கடிகாரம் எங்க இருக்கு?" என்று வேண்டுமென்றே குறுக்கே விழுந்தேன்.

"பீரோ மேல மேடம். சாச்சு வச்சாத்தான் ஓடும். நிமித்தி வச்சா நின்னுரும். எங்க வீட்லயே நேரா நின்னா வேலை செய்யாத ஆளு அது ஒண்ணுதான்னு அக்கா சொல்லும்."

பின் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. நான் இன்னும் இரண்டு தடவை குறுக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் கதை வேறு பக்கம் திரும்பிப் போயிற்றே ஒழிய, முதல் வரிக்குத் திரும்பவில்லை. கடைசியில் அவர்கள் வீட்டில் யாருக்கும் உண்மையான மணி என்னவென்றே தெரியாமல் போய், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் மண்டபத்துக்காரரை எழுப்பினார்கள். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எந்த இடம் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை.

பிறகு குனிந்து எழுதினாள். அப்போதும் நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம். அவள்தான், அவளேதான். ரத்து இல்லை என்று சார் கையெழுத்துப் போட்டார்.

முத்துக்குமாரும் தேறினான். விதிப்படி அவன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அவளைவிட இரண்டு மதிப்பெண் அதிகம்கூட. அடுத்த வருடமும் கடைசி வகுப்பில் கண் முன்னால் எழுத வைப்பது உண்டு என்று தீர்மானமாயிற்று. தலைப்பு முன்கூட்டிச் சொல்வதில்லை, பேசலாம் என்று நான் இரண்டு திருத்தம் சொன்னேன். பேசலாம் என்பதை மட்டும் யாரும் ஏற்கவில்லை. பேச விட்டால் காப்பியடிப்பார்களாம். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்ததால் வாதாட முடியவில்லை.

மதுரை பஸ்

எங்கள் தாள் முடிந்தாலும், மற்றப் பாடங்களுக்குப் பருவம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. ரிஸ்வானா வகுப்புக்கு வந்தாள், வணக்கம் சொன்னாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். 'சும்மா எழுதுனேன் மேடம்' என்று என் மேஜைக்கு வருவது மட்டும் நின்றுபோயிற்று. தேர்வு நேரம், படிப்பாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானத்தையும் நான் முழுசாக நம்பவில்லை.

சமீபத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். எம்.ஏ. சேர்ந்து போய்வந்துகொண்டிருக்கிறாள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"இப்பவும் எழுதுறியா?"

"எழுதுறேன் மேடம். அக்காட்டச் சொல்லிட்டுத்தான்."

"எங்கிட்ட ஒண்ணு குடேன். படிச்சு எம்புட்டு நாளாச்சு."

பையில் கை வைத்தாள். உள்ளே தாள் இருந்தது, நுனி தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டாள். கோபம் ஒன்றுமில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"வேணாம் மேடம். நீங்க படிக்கிறப்ப நான் ஒங்க மொகத்தையே பாத்துட்டு நிப்பேன். சிரிச்சாக்கூட இப்ப எனக்கு நம்பிக்கை வராது."